வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்: வக்கீலிடம் காட்டுவதிலிருந்து எச்.ஆரிடம் பேசுவது வரை, முழுமையான வழிகாட்டி

வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, மூலப் பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்து, லீகல் ஒப்பீனியன் வாங்காமல் நம் ஊரில் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. அதே ஆட்கள்தான், அந்த வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் தவணை கட்டப்போகும் வேலையின் ஒப்பந்தத்தை, சேருகிற நாள் காலையில் எச்.ஆர். அனுப்பிய லிங்க்கைத் திறந்து, நாற்பது பக்கத்தையும் கடகடவென்று கீழே தள்ளி, ஏற்கிறேன் என்ற பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் அது கையெழுத்து ஆகாது என்று நினைக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவுப்படி, மின்னணு முறையில் செய்தது என்பதற்காக மட்டும் ஒரு ஒப்பந்தம் செல்லாமல் போகாது.

தமிழ்நாட்டில் தனியார் நிறுவனத்தில், குறிப்பாக ஐ.டி. மற்றும் அதைச் சார்ந்த வேலையில் சேரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோட்டீஸ் வந்த பிறகு வக்கீலைத் தேடி ஓடுவதைவிட, ஆஃபர் கைக்கு வந்த நாளுக்கும் பழைய வேலையை ராஜினாமா செய்யும் நாளுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஒரு வக்கீலோடு உட்காருவது எவ்வளவோ மேல். உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருப்பது அந்தச் சில நாட்களில்தான். பழைய கம்பெனியில் பேப்பர் போட்டாச்சு என்று தெரிந்த நிமிடத்திலிருந்து எச்.ஆருக்கு எதையும் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

முதல் படி: முழு ஒப்பந்தத்தையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்

ஆஃபர் லெட்டர் என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கம்தான். சம்பளம், பதவி, சேரும் தேதி, அவ்வளவு. கழுத்தைப் பிடிக்கிற ஷரத்துகள் எல்லாம் சேரும் நாளில் வரும் அப்பாயின்ட்மென்ட் லெட்டரிலும், தனியாக வரும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்திலும், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டிலும்தான் இருக்கும். அதனால் ஆஃபர் வந்ததும் எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: "சேரும் நாளில் நான் கையெழுத்திட வேண்டிய எல்லா ஆவணங்களின் மாதிரியையும் அனுப்பினால் படித்துவிட்டு ஆஃபரை ஏற்கிறேன்." இதில் தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. நவம்பர் 21, 2025 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுப்பதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. எப்படியும் கொடுக்க வேண்டிய காகிதத்தைக் கொஞ்சம் முன்னால் கேட்கிறீர்கள்.

ஒப்பந்தத்தில் "நிறுவனத்தின் கொள்கைகளின்படி, அவ்வப்போது மாற்றப்படுவதற்கு உட்பட்டு" என்று வரும் இடங்களையும் குறித்துக்கொண்டு, அந்தக் கொள்கை ஆவணங்களையும் கேளுங்கள். விடுமுறை, வேரியபிள் பே (செயல்பாட்டைப் பொறுத்துக் கூடிக் குறையும் சம்பளப் பகுதி), வீட்டிலிருந்து வேலை எல்லாம் அந்த வார்த்தைக்குள்தான் ஒளிந்திருக்கும்.

இரண்டாம் படி: வக்கீலிடம் போவதற்கு முன் நீங்களே படியுங்கள்

பென்சிலோடு உட்கார்ந்து ஒரு முறை முழுசாகப் படியுங்கள். சம்பளக் கணக்குக்கு வக்கீல் தேவையில்லை, அதை வீட்டிலேயே போட்டுவிடலாம்.

சிடிசி, அதாவது நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை, ஆண்டுக்கு 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டால் வகுத்து மாதம் 75,000 என்று மனதில் எழுதிக்கொள்வோம், அங்கேதான் கணக்கு தப்புகிறது. அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 4,50,000. அதில் 12 சதவீதம் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 54,000. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம் 21,645. வேரியபிள் 10 சதவீதம் 90,000. குழு மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு 10,000. இதெல்லாம் போனால் மீதி 7,24,355. மாதத்துக்கு 60,360 சொச்சம். அதிலும் உங்கள் பங்கு பி.எஃப். 4,500 போனால், தொழில் வரிக்கு முன்னால் கைக்கு வருவது சுமார் 55,800. 75,000-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். சில நிறுவனங்கள் பி.எஃபை 15,000 ரூபாய் உச்சவரம்பில் கணக்கிட்டு மாதம் 1,800 மட்டும் பிடிப்பார்கள், அப்போது கணக்கு மாறும். எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். வேரியபிள் தொகைக்கு "நிர்வாகத்தின் முழு விருப்பத்துக்கு உட்பட்டது" என்று போட்டிருந்தால் அதைச் சம்பளமாகவே எண்ணாதீர்கள்.

ஜாயினிங் போனஸ் இருந்தால் திருப்பிக் கொடுக்கும் ஷரத்தைத் தேடுங்கள். ஒரு வருடத்துக்குள் விலகினால் 2 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கும். உங்கள் கணக்கில் விழுந்தது வரி பிடித்தது போக மீதிதான், ஆனால் அவர்கள் கேட்கப்போவது முழுத் தொகையை. "வரி போகக் கையில் பெற்ற தொகை" என்று மாற்றித் தரச் சொல்வது நியாயமான கோரிக்கை.

மூன்றாம் படி: வக்கீல் கண்ணில் பட வேண்டிய ஷரத்துகளைப் பிரித்தெடுங்கள்

முதலில் பாண்ட். பலருக்கும் உள்ள நம்பிக்கை, "பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிக்காது" என்பது. அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருடம் முடிக்காமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற ஷரத்தைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த ஷரத்து வேலைக் காலத்துக்குள் மட்டுமே கட்டுப்படுத்துகிறது, வேறு வேலைக்குப் போவதைத் தடுக்கவில்லை என்பது ஒரு காரணம். பொதுத்துறை வங்கி என்பதால் வெளிப்படையான தேர்வு நடத்தித்தான் இன்னொருவரை எடுக்க வேண்டும், அதற்குச் செலவும் காலமும் ஆகும் என்பது இன்னொன்று. எட்டு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன நிறுவனம், பயிற்சி என்று எதுவும் கொடுக்காமல் போடும் பாண்டுக்கு இதே நியாயம் அப்படியே பொருந்திவிடாது. ஆனால் செல்லவே செல்லாது என்று நம்பிக் கையெழுத்துப் போடுவதும் ஆபத்து.

பாண்ட் ஷரத்து பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"பணியாளர் சேர்ந்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் எக்காரணத்தாலும் பணியிலிருந்து நீங்க நேரிட்டால், பயிற்சிச் செலவாக ரூ.3,00,000-ஐ நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும்."

இந்த ஒரே வாக்கியத்தில் மூன்று சிக்கல் இருக்கிறது. "எக்காரணத்தாலும் நீங்க நேரிட்டால்" என்றால், ஆட்குறைப்பில் அவர்களே உங்களை வெளியே அனுப்பினாலும் நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்று வாதிட இடம் இருக்கிறது. முதல் மாதம் போனாலும் 3 லட்சம், இருபத்து மூன்றாவது மாதம் போனாலும் 3 லட்சம். என்ன பயிற்சி, எத்தனை நாள், யார் கொடுத்தது, எவ்வளவு செலவு என்று ஒரு வார்த்தை கிடையாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை வெறும் உச்சவரம்புதான், நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும். ஆனால் நீதிமன்றம் வரை போய் அதை நிரூபிக்கும் அலைச்சல் உங்களுக்கு எதற்கு? கையெழுத்துக்கு முன்பே இப்படி மாற்றச் சொல்லுங்கள்: "பணியாளர் தாமாக விலகினால் மட்டும், முடித்த மாதங்களுக்கு ஏற்பக் குறைத்து." அப்படி மாறினால், 18 மாதம் முடித்துவிட்டு விலகுகிறவர் கட்ட வேண்டியது 75,000 மட்டுமே.

பாண்டோடு கூட வருகிறவைதான் இன்னும் மோசம். அசல் சான்றிதழ்களைக் கொடுத்து வைக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள், சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும். தேதியும் தொகையும் எழுதாத காசோலை கேட்டால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். அது வங்கியில் திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில், சிறைத் தண்டனைக்கே இடமுள்ள வழக்கை நீங்கள் சந்திக்க நேரும். அப்புறம் அப்பாவையோ அம்மாவையோ ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போடச் சொல்வது. ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் உங்கள் பொறுப்பும் ஒரே அளவு, நோட்டீஸ் நேராக அவர்கள் பெயருக்கே வரலாம். இந்த மூன்றில் எது இருந்தாலும் வக்கீலைப் பார்க்காமல் ஒரு கையெழுத்தும் போடாதீர்கள்.

அடுத்து நோட்டீஸ் பீரியட். நீங்கள் விலக 90 நாள், அவர்கள் அனுப்ப 30 நாள் என்று இருந்தால் சமமாக்கச் சொல்லிக் கேளுங்கள். 90 நாளை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றால், பணம் கட்டிவிட்டு முன்னதாகவே போகும் பை-அவுட் உரிமையைக் கேளுங்கள். "நிர்வாகம் விரும்பினால்" என்று இருப்பதை எடுத்துவிட்டு "பணியாளர் விரும்பினால்" என்று வர வேண்டும். எந்த நீதிமன்றமும் உங்களைப் பிடித்து வந்து வேலை செய்ய வைக்காது, தனிநபர் சேவை ஒப்பந்தத்தை அப்படி அமல்படுத்தக் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் பணியிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டரை நிறுத்தி வைத்து அலைக்கழிப்பார்கள், அதனால்தான் இந்த ஷரத்தைக் காகிதத்திலேயே சரிசெய்ய வேண்டும். இன்னொன்று, நோட்டீஸ் தொகையைப் பிடிக்கும்போது அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்டால், அந்தத் தொகைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட்டிலேயே சுற்றறிக்கையில் தெளிவுபடுத்திவிட்டது என்று சொல்லுங்கள்.

போட்டி நிறுவனத்தில் ஒரு வருடம் சேரக் கூடாது என்ற ஷரத்தைப் பார்த்து நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும் காலத்துக்கு மட்டும் தடை போடலாம் என்று 1967-இல் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விலகிய பிறகும் நீளும் தடையை 1980-இல் முர்கை வழக்கில் ஏற்க மறுத்தது. ஆகவே இந்த ஷரத்தில் பயம் குறைவு. ஆனால் பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல், மூல நிரல், விலைப் பட்டியல் ஆகியவற்றைக் காப்பாற்றும் ரகசியக் காப்பு ஷரத்து வேறு விஷயம். அதை மீறினால் நடவடிக்கை வரும்.

சொந்தமாக ஆப் எழுதுகிறவர்கள், யூடியூப் நடத்துகிறவர்கள், இரவில் வடிவமைப்பு செய்கிறவர்கள் அறிவுசார் சொத்து ஷரத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். வேலையின் போக்கில் உருவாக்கியதற்கு முதலாளியே முதல் உரிமையாளர் என்பது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பல ஒப்பந்தங்கள் அதையும் தாண்டி "பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்" என்று வலை விரிக்கின்றன. ஏற்கெனவே நீங்கள் செய்து வைத்திருப்பவற்றைப் பட்டியல் போட்டு, விலக்காகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, யாரும் படிக்காத அந்தக் கடைசிப் பக்கம். "எல்லாத் தகராறுகளும் மும்பை நீதிமன்றங்களுக்கே உட்பட்டவை" என்ற வரி. 2025 ஏப்ரலில் ஹெச்டிஎஃப்சி வங்கி ஊழியர்கள் வழக்கில் இப்படிப்பட்ட ஷரத்து செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாட்னாவிலும் டெல்லியிலும் வேலை பார்த்தவர்களுக்கு மும்பைதான் என்று ஆனது. நீங்கள் கோவையில் வேலை பார்க்கப்போகிறீர்கள் என்றால் கோவை என்றோ சென்னை என்றோ மாற்றக் கேளுங்கள். நடுவர் மன்ற ஷரத்து இருந்து, நடுவரை நிறுவனமே தனியாக நியமிக்கும் என்று இருந்தால் அதையும் வக்கீலிடம் காட்டுங்கள்.

நான்காம் படி: சரியான வக்கீலைப் பிடிப்பது

நிலப் பத்திரம் பார்க்கிற குடும்ப வக்கீல் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் இதற்குத் தொழிலாளர் சட்டம், பணிச் சட்டம் பார்க்கிறவர் வேண்டும். நோட்டரி முத்திரை போட்டவர் ஷரத்துகளைப் படித்துப் பார்த்தார் என்று அர்த்தம் இல்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் தேடலில் முதலில் வருகிறவரே கெட்டிக்காரர் என்று எண்ண வேண்டாம். ஏற்கெனவே நிறுவனத்தோடு தகராறு வந்து தீர்த்துக்கொண்ட சக ஊழியர்களிடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஃபைட், யுனைட் போன்ற ஐ.டி. ஊழியர் அமைப்புகள் இருக்கின்றன, அவர்கள் இந்த மாதிரி ஒப்பந்தங்களை நிறையப் பார்த்தவர்கள். பெயர் கிடைத்ததும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த நிறுவனத்துக்காக அவர் ஆஜராகிறாரா என்பதையும் முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

கட்டணத்தை முன்பே பேசி முடியுங்கள். படித்துக் கருத்துச் சொல்ல எவ்வளவு, எழுத்தில் குறிப்பு கொடுக்க எவ்வளவு, மாற்று வாசகம் எழுதித் தர எவ்வளவு என்று தனித்தனியாக. வரும் பணத்தில் பங்கு என்ற பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள், அதற்கும் விதி இடம் தரவில்லை.

பணம் கொடுக்க வழியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வழக்கு இருந்தால்தான் உதவுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை தருவதையும் சட்டப் பணி என்றே சொல்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இந்த உதவி உண்டு. எவ்வளவோ பெண்கள் இந்த உரிமை தெரியாமலேயே இருக்கிறார்கள், தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: அந்த ஒரு மணி நேரம்

எடுத்துப் போக வேண்டியவை: ஆஃபர் லெட்டர், ஒப்பந்த மாதிரி, கொள்கை ஆவணங்கள், எச்.ஆர். வாக்குறுதி கொடுத்த மெயில்கள், வாட்ஸ்அப் செய்திகள். இப்போது இருக்கும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். புதிய ஒப்பந்தத்தில் "வேறு எந்த ஒப்பந்தத்துக்கும் நான் கட்டுப்பட்டிருக்கவில்லை" என்று உறுதிமொழி கேட்பார்கள், பழையதைப் படிக்காமல் அதில் கையெழுத்துப் போட முடியாது. அன்றாடம் நீங்கள் என்ன வேலை செய்வீர்கள் என்று அரைப் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். ஏனென்றால் சட்டப்படி நீங்கள் தொழிலாளர் வகையில் வருவீர்களா என்பது பதவியின் பெயரைப் பார்த்து முடிவாவதில்லை, செய்யும் வேலையைப் பார்த்துத்தான். மேனேஜர் என்று அட்டையில் போட்டிருந்தாலும் கீழே ஆளே இல்லாமல் நிரல் எழுதுகிறவராக இருக்கலாம். அதைப் பொறுத்துத்தான் வேலைநீக்கத்துக்கு எதிராக எங்கே போகலாம் என்பது அமையும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான ஊதியமோ இல்லாமல் அனுப்ப முடியாது, ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

"இது நல்ல ஒப்பந்தமா?" என்று கேட்காதீர்கள், பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: பன்னிரண்டாவது மாதத்தில் நான் விலகினால் அதிகபட்சம் எத்தனை ரூபாய் என் தலையில் விழும்? எந்த ஷரத்து சட்டப்படி நிற்காது, ஆனாலும் என்னை அலைக்கழிக்கப் பயன்படும்? ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்? அதற்கு மாற்று வாசகம் என்ன? அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். தயங்காமல் உண்மையைச் சொல்லுங்கள், வக்கீலிடம் பேசியதற்குச் சாட்சியச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது.

ஏஐயிடம் கொடுத்துப் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். கடினமான ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளப் பெயர்களை மறைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். அது சொல்லும் தீர்ப்புகளை வக்கீல் சரிபார்க்காமல் எச்.ஆருக்கு எழுதிவிடாதீர்கள்.

ஆறாம் படி: எச்.ஆரிடம் பேசுவது

வக்கீல் திரைக்குப் பின்னாலேயே இருக்கட்டும். வக்கீல் பெயரில் கடிதம் போனால் எச்.ஆர். அதைத் தன் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார், அங்கே போனால் வாரக்கணக்கில் கிடக்கும், ஆஃபரும் ஆறிப்போகும். மெயில் உங்கள் பெயரில், உங்கள் நடையில் போகட்டும். பத்துக் கோரிக்கை வைத்தால் பத்தும் போகும். மூன்றைத் தேர்ந்தெடுங்கள், அதில் ஒன்றை விட்டுக்கொடுக்க மனதுக்குள் தயாராக இருங்கள்.

"ஆஃபருக்கு நன்றி, சேர்வதில் உறுதியாக இருக்கிறேன். 7-ஆம் ஷரத்தில், நிறுவனமே பணிநீக்கம் செய்தாலும் தொகை செலுத்த வேண்டும் என்று பொருள் வருகிறது, அது உங்கள் நோக்கமாக இருக்காது என நினைக்கிறேன். 'தாமாக விலகினால்' என்று மாற்ற முடியுமா?" இந்தத் தொனி போதும். அவர்கள் கௌரவமாகப் பின்வாங்க ஒரு வழி விட்டு வைத்தால் பாதி வேலை முடிந்தது.

கேம்பஸில் நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய நிறுவனம் புதியவர் ஒருவருக்காக மாதிரி ஒப்பந்தத்தை மாற்றாது, அதை எதிர்பார்த்து மனம் உடைய வேண்டாம். அங்கே வக்கீலால் கிடைக்கும் பயன், எதில் இறங்குகிறோம் என்று தெரிந்து இறங்குவது. அனுபவம் உள்ளவர்களுக்கும், சின்ன நிறுவனங்களிலும் நிலைமை வேறு, நிறையவே மாற்றித் தருகிறார்கள். "டெம்ப்ளேட்டை மாற்ற முடியாது" என்று எச்.ஆர். சொன்னால், சரி, இணைப்புக் கடிதமாக ஒரு பக்கம் கொடுங்கள் என்று கேளுங்கள். போனில் சொன்னதை நம்பி நின்றுவிடாதீர்கள். ஒப்பந்தத்தின் கடைசியில், இதற்கு முன் பேசியது, எழுதியது எல்லாம் ரத்து, இதுவே முழு ஒப்பந்தம் என்று ஒரு ஷரத்து இருக்கும். எச்.ஆர். மெயிலில் கொடுத்த வாக்குறுதியையும் அது விழுங்கிவிடும். இணைப்புக் கடிதத்தை ஒப்பந்தத்தின் பகுதி என்று குறிப்பிட வைத்தால்தான் தப்பிக்கும்.

உயர் பதவி, பங்கு விருப்ப உரிமை (நிறுவனத்தின் பங்குகளைக் குறித்த விலையில் பின்னாளில் வாங்கிக்கொள்ளும் உரிமை), வெளிநாட்டு நிறுவனத்தோடு நேரடி ஒப்பந்தம், இந்த மூன்றில் மட்டும் வக்கீலை முன்னால் நிறுத்தலாம், அந்த மட்டத்தில் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பங்கு விருப்ப உரிமையில், விலகினால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும், வாங்கும்போது வரி எவ்வளவு என்ற இரண்டையும் கேட்காமல் அதைச் சம்பளத்துக்கு ஈடாக ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஏழாம் படி: கையெழுத்தும் அதற்குப் பிறகும்

மாற்றிய ஒப்பந்தம் கைக்கு வந்ததும், நீங்கள் கேட்ட வரிகளை மட்டும் பார்க்காமல் முழுவதையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு இடத்தைத் திருத்தும்போது இன்னொரு இடம் மாறியிருக்கலாம். இரு தரப்பும் கையெழுத்திட்ட நகல் வந்த பிறகே பழைய வேலையில் ராஜினாமா. அந்த நகலை அன்றே சொந்த மெயிலில் சேமியுங்கள், கடைசி நாளில் அலுவலக மெயில் முடங்கிவிடும், அப்போது உங்கள் சொந்த ஒப்பந்தமே உங்களிடம் இருக்காது. விலகும்போது கணக்கை எப்போது தீர்ப்பார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் ஊதிய பாக்கி இரண்டு வேலை நாட்களுக்குள் வர வேண்டும்.

வேலையில் இருக்கும்போதே போர்ட்டலில் திடீரென்று புதிய ஒப்பந்தம் ஒன்று முளைத்து, இன்று மாலைக்குள் ஏற்கச் சொல்லும். அப்போதும் இதே வரிசைதான். "படித்துப் பார்க்க ஐந்து வேலை நாட்கள் வேண்டும்" என்று ஒரு வரி மெயில் போட்டுவிட்டு, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, மாறிய வரிகளில் கோடு போட்டு, அதே வக்கீலுக்கு அனுப்புங்கள்.